தொட்டியில் இறங்கிய பாவம்

முதியோர் நலமன்றத்தில் அன்று உட்கார இடமில்லை. நடக்க முடியாதவர்கள்கூட முந்தியடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். பாவம் கழுவுகிறார்கள் என்றால் சும்மாவா?

கூடத்தின் நடுவே ஒரு பிளாஸ்டிக் தொட்டி. அதன் பக்கத்தில் தொட்டி ஞானி. வெந்நீரில் ஏதோ வெள்ளைத் தூளைப் போடுவார், காலை வைக்கச் சொல்வார், சுவிட்சைத் தட்டுவார். பத்தே நிமிடத்தில் தண்ணீர் பழுப்பாகிவிடும். உள்ளங்கால் வழியாக இறங்கிய பாவமாம் அது! பாவம் இறங்கினால் மூட்டுவலி, சர்க்கரை, மறதி எல்லாம் பறந்துவிடுமாம். போன வாரம் மன்றத் தலைவர் கால் வைத்தபோது தண்ணீர் கஷாயமாகவே ஆகிவிட்டது. மனிதர் முப்பது வருடம் வங்கி மேலாளராக இருந்தவர். யாரும் ஆச்சரியப்படவில்லை.

பட்டறையில் இரும்பு கடைந்து ஓய்வுபெற்ற லேத்துக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார். பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவருடைய அக்கா. பக்கவாதத்தில் விழுந்த அக்காவை மன்றத்துப் பிசியோதெரபிப் பெண் ஆறு மாதத்தில் பத்து அடி நடக்க வைத்திருந்தாள். அவள் சம்பளம் ஓர் அறக்கட்டளை தரும் நிதியிலிருந்து வந்தது. அந்த நிதியைத் தொட்டிக்குத் திருப்பிவிடச் சொல்லி ஒரு கடிதம் தயாராக இருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டால் அந்தப் பெண் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்காவும் பத்தாவது அடியோடு நின்றுவிடுவாள்.

"அந்தப் பொண்ணு மாசக்கணக்கா இழுக்குறா. இவரு பத்து நிமிஷத்துல முடிச்சிடுறாரு!" என்று தலைவர் பேனாவை நீட்டினார்.

"போடுறேன் சார். முதல்ல நானும் ஒரு தடவை காலை வச்சுப் பார்த்துடுறேனே," என்றார் லேத்துக்காரர்.

"தம்பி, உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?" என்றாள் அக்கா.

"சும்மா இரு அக்கா."

வலது காலை மட்டும், சாக்ஸோடு, தொட்டியில் இறக்கினார். "சாக்ஸைக் கழட்டணுமா சாமி?"

"பாவத்துக்குச் சாக்ஸ் தடையில்லை," என்றார் ஞானி பெருந்தன்மையோடு.

தண்ணீர் பழுப்பானது. ஞானி மூக்கைப் பிடித்துக்கொண்டார். "அப்பப்பா! எத்தனை பேரை மிதிச்ச காலு இது!"

"போன மாசம்தானே சாமி கடையில வாங்கினேன்? அதுக்குள்ளயா?"

சாக்ஸை உருவி, விரலால் தட்டினார். டொக், டொக். முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். பட்டறை விபத்தில் போன காலுக்குப் பதிலாக வந்தது; பழையது தேய்ந்துபோனதால் போன மாதம்தான் புதிதாக மாற்றியிருந்தார். செயற்கைக் காலோடு ஒருவருக்கும் தெரியாதபடி நடக்கப் பழக்கியவளும் அதே பிசியோதெரபிப் பெண்தான்.

"அது... முன்னாடி போட்டிருந்தவங்க பாவமா இருக்கும்," என்றார் ஞானி.

"புத்தம் புதுசு சாமி."

லேத்துக்காரர் சுவிட்சை அணைத்து, தொட்டிக்குள் கைவிட்டு, ஒயரில் மாட்டியிருந்த துருவேறிய இரண்டு இரும்புத் தகடுகளைத் தூக்கிக் காட்டினார். "நாப்பது வருஷம் இரும்போட மாரடிச்சவன் நான். இரும்பு, உப்புத் தண்ணி, கரண்டு. இந்தப் பாவத்துக்குப் பேரு துரு! கால் வைக்காமலே ஓட்டிக் காட்டட்டுமா?"

ஞானி அதற்குள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்திருந்தார். தலைவர் கடிதத்தைக் கிழித்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்போ, போன வாரம் எனக்கு இறங்கினது?"

"ஒண்ணும் இறங்கல சார். எல்லாம் உங்ககிட்டயே பத்திரமா இருக்கு."

பிசியோதெரபிப் பெண் அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினாள். பதினோராவது அடி தள்ளாடியது, ஆனால் விழவில்லை.

முன்னதாகத் தொட்டியில் கால் வைத்திருந்த மற்றவர்கள் ஈரக்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் காலை ஊற வைத்தவர்கள், ஒரே ஒரு நிமிடம் மூளையை ஓட்டிப் பார்த்திருக்கலாம். அதற்குக் கரண்டும் வேண்டாம், ஞானியும் வேண்டாம்.