யா அண்ணையும் கம்பளிப் பேனும்

டேனிஷ் மொழியை ஒரேயொரு சொல்லோடு கரைத்துக் குடித்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று இக்காஸ்ட் என்ற அந்த டேனிஷ் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் யா அண்ணை. 'யா' என்றால் டேனிஷில் 'ஆம்', எங்கள் ஊர்ப் பேச்சில் 'ஓம்'. எண்பதுகளின் நடுப்பகுதியில், அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் அந்த நாட்டில் வேலை எடுத்தார், வீடு எடுத்தார், ஒரு பல்லையும் இழந்தார்.

பல்லின் கதை சின்னது. பல் வைத்தியர் ஏதோ கேட்டார். அண்ணை நெஞ்சில் கையை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து, "யா" என்றார். நல்ல பல் போய், கூடாத பல் இருந்தது. ஆலையில் பக்கத்து இயந்திரக்காரன் ஏதோ கேட்டான், யா என்றார், அந்தச் சனிக்கிழமை ஹாண்ட்போல் அணிக்குக் கோல் காக்க நின்றார். கதவைத் தட்டிய இரண்டு பெண்கள் ஏதோ கேட்டார்கள். அடுத்த ஞாயிறு, வெள்ளிக்கிழமையில் முட்டைகூடத் தொடாத அந்தச் சைவப்பழம், தேவாலயப் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார்.

நாங்கள் மூன்று பேர் ஒரு வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். அண்ணை, நான், சிவா. சிவா டேனிஷ் வகுப்பின் முதல் புத்தகத்தில் பாதி முடித்தவன். ஆகவே எங்கள் வீட்டுப் பேராசிரியன் அவன்தான். மூவருக்கும் பின்னல் ஆலையில் ஷிஃப்ட் வேலை. கீழ்வீட்டில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். நெடிய மனுசி, அதிகம் சிரிக்க மாட்டார். அகதிகளுக்கு வீடு கொடுக்க எத்தனையோ பேர் யோசித்தபோது யோசிக்காமல் வீட்டுத் திறப்பைக் கையில் தந்தவர்.

அவருடைய முன்னறையில் ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அடியில் ஒரு முழம் தண்ணீர், அதில் விரல் நீள மீன்கள். தண்ணீருக்கு மேலே கல்லும் மரக்கட்டையும் பாசியும் பன்னம் என்கிற ஃபெர்ன் செடியும், கட்டையைப் பற்றிக்கொண்டு ஓர் ஓர்க்கிட். மூலையில் ஒரு மோட்டர் போட்ட குட்டி அருவி. இலைகளுக்குள்ளே பெருவிரல் அளவில் பச்சைத் தவளைகள். வெளியே சேற்றுப்பனி கொட்டும்போது உள்ளே மழைக்காடு வேர்த்துக்கொண்டிருக்கும். குளமும் காடும் ஒன்றாயிருக்கும் அந்தப் பெட்டிக்குப் பலுடேரியம் என்று பெயர். அதை நாங்கள் அறிந்துகொண்டது பிறகுதான்.

ஒருநாள் வீட்டுக்கார அம்மா அண்ணையை வாசலில் மறித்து, கையாலும் காட்டிக் காட்டி நெடுநேரம் கதைத்தார். அண்ணை மேலே வந்து, அந்தச் சைகைகளில் தான் பிடித்த விசயத்தைச் சொன்னார்.

"மனுசிக்கு இடுப்பிலை ஒப்பரேசன். ஆஸ்பத்திரியாலை அப்பிடியே கோல்டிங்கிலை தங்கச்சி வீட்டை போய்த் தங்குமாம். கொஞ்ச நாளைக்குப் பால் டெய்ரியைப் பாக்கட்டாம்."

"எந்தப் பால் டெய்ரி?" என்று சிவா கேட்டான்.

"பலு டேரி, பலு டேரி எண்டுதான் திருப்பித் திருப்பிச் சொன்னது. பால் வாங்கி வைக்கச் சொல்லுது போல."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"யா எண்டன்."

அம்மா போன மறுநாள் அண்ணை பால் பெட்டிகளை அணைத்துக்கொண்டு கீழே இறங்கினார். நாங்களும் பின்னால் போனோம். குளிர்சாதனப் பெட்டியில் பாலை அடுக்கிவிட்டுத் திரும்பினால், மீன்கள் எல்லாம் கண்ணாடியோரம் கூடி அவரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பக்கத்தில் தகரப் பேணிகள். ஒன்றில் மீன் படம், மற்றதில் தவளைப் படம்.

"அண்ணை, நீங்கள் பாலுக்கு ஓமெண்டு சொல்லேல்லை. இந்தக் காட்டுக்கு ஓமெண்டிருக்கிறியள்" என்றான் சிவா.

அண்ணை பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கென்ன, பாப்பம்" என்றார்.

பார்த்தார், நன்றாகவே பார்த்தார். வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக் கழற்ற முன்னம் அங்கே போய்விடுவார். தவளைகளுக்கு ஊர்ப் புதினம் சொல்வார். ஓர்க்கிட்டின் இலையை ஈரத் துணியால் துடைப்பார். நாங்கள் சமைத்தோமா, சாப்பிட்டோமா என்பது அவருக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது.

அப்போதுதான் அந்த வெள்ளை வந்தது. முதலில் பன்னத்தின் கணுவில் ஒரு துளிப் பஞ்சு. பிறகு இலைக்கு அடியில், ஓர்க்கிட்டின் கழுத்தில், எல்லா இடத்திலும். தொட்டால் பிசுபிசுத்தது, உற்றுப் பார்த்தால் மெல்ல நகர்ந்தது. சிவா ஓர் இலையைக் கிள்ளிப் பூக்கடைக்குக் கொண்டுபோனான். அண்ணையும் கூடவே போனார். கடைக்காரப் பெண் இலையைக் கையிலே வாங்காமலே, "உல்லுஸ்" என்றாள். உங்கள் வீட்டில் நிறைய இருக்கிறதா என்று கேட்டாள் போலிருக்கிறது. அண்ணை யா என்றார். அவள் ஓர் அடி பின்னுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் சிவா கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்.

"உல் எண்டா கம்பளி. லுஸ் எண்டா பேன். அகதி முகாமிலை தாதி சீப்போடை வந்து எங்கடை தலையைப் பாத்தவ, ஞாபகமிருக்கோ? அந்த லுஸ்தான் இது."

"கம்பளிப் பேனோ?" என்றேன்.

"கம்பளி ஆலையிலை வேலை செய்யிறது ஆர்? நாங்கள். அந்த உடுப்போடை கீழை போய் வாறது ஆர்? அண்ணை. மனுசியின்ரை வீட்டுக்குப் பேனைக் கொண்டுவந்தது நாங்கள்தான். அறிஞ்சா இண்டைக்கே றோட்டிலைதான் படுக்கை."

அதிலே எங்கே பிழை என்று கண்டுபிடிக்கிற அறிவு எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை. உடுப்பு எல்லாவற்றையும் அவித்தோம். என்னுடைய ஒரே கம்பளிச் சுவெற்றர் பொம்மைக்குப் போடுகிற அளவில் வெளியே வந்தது. அண்ணை முகம் பார்க்கும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று தலையை மொட்டையடித்துக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, அடுத்த நாள் ஆலையில் எங்கள் மேற்பார்வையாளரான போர்மனிடம் நேரே போய், "உல்லுஸ்" என்றார்.

போர்மன் பெரிய மீசைக்காரர். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, இங்கேயா, எங்கள் கம்பளியிலா என்று கேட்டிருக்க வேண்டும்.

"யா" என்றார் அண்ணை.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த ஆலையில் அப்படியொரு அமைதியை நான் அதற்கு முன்னர் கேட்டதில்லை. நூல் பொதிகளைப் பிரித்தார்கள், தட்டினார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. கடைசியில் போர்மன், எங்கே காட்டு பார்ப்போம் என்று கையை விரித்தார். அண்ணை அவருடைய கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தார். எங்கள் மூவரையும் அவருடைய காரிலேயே ஏற்றிக்கொண்டு மனிதர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். பஞ்சைப் பார்த்தார். அண்ணையின் மொட்டைத் தலையைப் பார்த்தார். அப்படியே அம்மாவின் சோபாவில் விழுந்து, மீசையைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிறகு சிவாவுக்கு மெதுவாக விளங்கப்படுத்தினார். அது ஆளைக் கடிக்காதாம், கம்பளியைத் தின்னாதாம், செடியின் சாற்றை மட்டும் குடிக்குமாம். கம்பளி போல இருப்பதால்தான் அந்தப் பெயராம்.

"எங்கடை ஊரிலை செவ்வரத்தைச் செடியிலை வாற மாவுப்பூச்சி" என்றார் அண்ணை. "உதை முதலே சொல்லியிருக்கலாமே."

யார் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது பூச்சி எதுவென்று தெரிந்துவிட்டது. அதை என்ன செய்வது என்பதில்தான் புதுக் குழப்பம். போர்மன் மருந்துப் போத்தல் ஒன்றை வாங்கி வந்தார். அதன் முதுகில் செத்த மீனின் படம் இருந்தது. நான் சவர்க்காரத் தண்ணீர் என்றேன். அது தவளையின் தோலுக்குக் கூடாது. சிவா சிகரெட்டுகளைப் பிரித்து, ஊர் முறையில் புகையிலைத் தண்ணீர் ஊற வைத்தான். அண்ணை அதை முகர்ந்து பார்த்துவிட்டுக் கைகழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டார்.

"தம்பி, மேலை தெளிச்சா கீழைதான் வடியும். செடிக்கும் தவளைக்கும் மீனுக்கும் இதுக்கை ஒரே தண்ணிதான்."

தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்தார். எடுத்த இடத்தில் மறுநாள் இரண்டு இருந்தன. பாசிக்குள்ளே, வேருக்குள்ளே, கட்டையின் வெடிப்புக்குள்ளே அவை குடும்பம் நடத்தின. ஒரு பின்னேரம் அண்ணை பெட்டிக்கு முன்னால் குந்திக்கொண்டு, "உதுகளுக்கு நீந்தத் தெரியாதெல்லோ" என்றார்.

தவளைகளைப் பிடித்து எங்கள் குளியல் தொட்டியில் விட்டார். ஒன்று தப்பி, சிவாவின் சப்பாத்துக்குள்ளே போயிருந்து அவனை வாழ்நாள் முழுவதற்கும் கூச வைத்தது. மோட்டரை நிறுத்தினார். வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து, கை வைத்துச் சூடு பார்த்து, பெட்டியின் விளிம்புவரை நிரப்பினார். காடு முழுவதும் முழுகியது.

அப்படியொரு காட்சியை நான் பிறகு எங்கேயும் காணவில்லை. மீன்கள் ஓர்க்கிட்டைச் சுற்றிக் குருவிகள் போலத் திரிந்தன. பன்னத்துக்கு மேலாகப் பறந்தன. வெள்ளைப் பஞ்சுகள் ஒன்றிரண்டாகக் கழன்று மேலே வர, அவை கொத்திக் கொத்தித் தின்றன.

ஆனால் அந்தக் கண்ணாடி அரைவாசித் தண்ணீருக்குச் செய்தது. மூலைகளில் முத்து முத்தாக வேர்த்தது. பக்கம் சற்று வயிறு வைத்ததுபோல எனக்குத் தெரிந்தது. நான் போர்மனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் நூல் பொதி கட்டும் பட்டிகளோடு வந்து, பெட்டியைக் குறுக்கும் நெடுக்கும் வரிந்து கட்டினார். அம்மாவின் கம்பளத்தைச் சுருட்டிவிட்டுக் கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்தபடி அண்ணை நிலத்தில் இருந்தார். சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தோம்.

அடுத்த நாள் மத்தியானம், ஒருவருக்கும் சொல்லாமல் அம்மா வந்து இறங்கினார்.

டாக்ஸிக்காரன் பயணப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டுப் போனான். அவர் ஊன்றுகோலில் நின்றபடி பார்த்தார். மொட்டைத் தலையோடு ஒருவர் நிலத்தில். பொதிபோலக் கட்டிய தன்னுடைய காடு. மரங்களுக்கு நடுவே மீன். என்னவோ கேட்டார். தவளைகள் எங்கே என்று கேட்கிறார் என்று சிவா முணுமுணுத்தான். அண்ணை "யா" என்று சொல்லிவிட்டு மேலே ஓடினார். இறங்கி வரும்போது கையில் எங்கள் சோற்றுப் பானை.

அம்மா மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே தவளைகள் கழுத்தை விம்மிக்கொண்டு இருந்தன. மேல்மாடியிலிருந்து நான் வதக்கி வைத்துவிட்டு வந்த வெங்காயத்தின் வாசம் வந்துகொண்டிருந்தது. அவர் அண்ணையின் முகத்தைப் பார்த்து, மிக மெதுவாக, ஒரு கேள்வி கேட்டார். இதுகளைச் சமைக்கப் போகிறீர்களா என்பதுதான் அந்தக் கேள்வி.

"யா" என்றார் அண்ணை.

சிவாவின் பாதிப் புத்தகம் அந்த நேரம் பார்த்து அவனைக் கைவிட்டது. போக இடம் தேட வேண்டும் என்று நான் மனதுக்குள் உடுப்புகளை மடிக்கத் தொடங்கிவிட்டேன்.

அண்ணைக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவர் ஒரு தவளையை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் பக்குவமாக வைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்து, தோள்வரை தண்ணீருக்குள் விட்டு, ஒரு பன்ன இலையை ஒடித்தெடுத்தார். அதன் அடியில் ஒட்டியிருந்த செத்த வெள்ளையைக் காட்டினார். காட்டிக்கொண்டே முழுக் கதையையும் சொன்னார், சுத்த யாழ்ப்பாணத் தமிழில். பூக்கடை, ஆலை, சிகரெட், வாளி, பட்டி, ஒன்றையும் விடவில்லை. அம்மா அவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். நடுவில் ஒரு கதிரையில் அமர்ந்துகொண்டார். முடிவில் தவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணையின் மொட்டைத் தலையை ஒருமுறை தடவினார். அவருக்கு என்ன விளங்கியதோ, எப்படி விளங்கியதோ, எனக்குத் தெரியாது. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அவ்வளவு பாலையும் கண்டபோதுதான் அவர் முதன்முதலாகச் சத்தமாகச் சிரித்தார்.

தண்ணீர் வடிந்தபின் காடு மெலிந்துபோய் நின்றது. ஓர்க்கிட் பிழைக்கவில்லை. பாசியும் பன்னமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தழைத்தன. பூச்சி வசந்தத்தில் மறுபடியும் தலைகாட்டியது. இந்தமுறை அம்மாவே பட்டிகளைக் கேட்டுப் போர்மனுக்கு ரெலிபோன் எடுத்தார். பின்னேரங்களில் இருவரும் பெட்டிக்கு முன்னால் இருப்பார்கள். அவர் டேனிஷில் கதைப்பார், இவர் தமிழில் கதைப்பார், பல நேரம் ஒன்றாகவே கதைப்பார்கள்.

ஒருநாள் நான் கேட்டே விட்டேன். "அண்ணை, ஒண்டும் விளங்காமல் ஏன் எல்லாத்துக்கும் ஓமெண்டு சொல்லுறியள்?"

"விளங்கினாப் பிறகு ஓமெண்டு சொல்ல ஆருக்கும் ஏலும் தம்பி" என்றார்.

அது ஞானமா விசர்க்கதையா என்று யோசித்து முடிப்பதற்குள், அவருடைய மனைவி பிள்ளைகள் ஊரிலிருந்து வந்து சேர, அவர் தலைநகருக்குப் பக்கத்திலுள்ள இஷொய்க்குக் குடிபோய்விட்டார். இப்போதும் ரெலிபோன் எடுப்பார். இங்கேயிருந்து தொடங்கி எங்கேயோ போய் நிற்கிற கதைகள். பாதி எனக்கு விளங்குவதேயில்லை. ரெலிபோனை வைக்கத்தான் மனம் வருவதில்லை.