எட்டு ஆயுத பூஜை கண்ட கோடாலி

டத்தோ கிராமாட் ரோடு,
பினாங்கு.
9 ஜனவரி 1933

தாசேக் கெலுகோரில் இருக்கும் மதிப்புக்குரிய மைத்துனர் அர்ஜுனன் அவர்கள் சமூகத்துக்கு, கிராணி ராமதாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. தண்ணீர்மலை முருகன் கிருபையால் இவ்விடம் நானும் தங்கள் தங்கை குணவதியும் நலம். நலம் என்றால் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம் என்று கொள்ளவும். பேச்சுவார்த்தை நேற்றுத்தான் மறுபடி தொடங்கியது.

தை பிறந்ததும் புது நிலத்தில் காடு வெட்டப் போவதாகவும், முதல் வெட்டு காலஞ்சென்ற மாமாவின் கோடாலியால்தான் விழ வேண்டும் என்றும், நான் வாங்கிப்போன அதை உடனே அனுப்பும்படியும் எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோடாலி இருந்த மூலைக்கு ஓடினேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான வருஷம் ஆயுத பூஜைக்கு வைக்க, ஆபீசில் கணக்கெழுதும் கிராணியான என் வீட்டில் ஒரு பேனாவைத் தவிர ஆயுதம் எதுவும் இல்லை. எதிர்வீட்டுக்காரர் அரம், ரம்பம், சுத்தியல் என்று வரிசையாக அடுக்கியிருந்தார். மானம் போகிறதே என்று உங்களிடம் கோடாலியை ஒரே ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினேன். அந்த ஒரு நாள் எட்டாவது வருஷமாக நீண்டுவிட்டது. அதற்குள் அது ஒரு விறகைக்கூடப் பார்க்கவில்லை, பூஜையை மட்டுமே பார்த்தது. வருஷா வருஷம் சந்தனம், குங்குமம், பன்னீர். சாமிக்கு வைத்ததைத் துடைக்கலாமா என்று பயந்து, பழையதன் மேலேயே புதியதை அப்பிக்கொண்டு வந்தேன். உங்கள் கடிதம் வந்த அன்று சுரண்டிப் பார்த்தால் சந்தனத்துக்கு அடியில் இருந்ததெல்லாம் துருதான். காம்பைக் கரையான் தின்றுவிட்டு, நுனியில் ஒரு கட்டையை மட்டும் எனக்காக விட்டு வைத்திருந்தது.

குணவதி பார்த்தாள். சத்தம் போடவில்லை. "பொங்கலுக்குள்ள எங்கப்பா கோடாலி உருப்படியா போய்ச் சேரலன்னா, நானே அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். கொல்லரிடம் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் இதில் என்ன பெரிய வித்தை, நானே செய்கிறேன் பார் என்று அவள் முன்னால் மீசையை முறுக்கிவிட்டேன். மீசையும் அவ்வளவாகக் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியும்.

முதலில், துளைக்குள் சிக்கியிருந்த கட்டையை எரித்து எடுக்கலாம் என்று கோடாலியை அடுப்பில் போட்டேன். கட்டை சாம்பலானது, இரும்பும் நன்றாகச் சிவந்தது, எனக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் வண்டிச் சக்கரம் செய்யும் நூர் முகம்மது நானா வந்து பார்த்துவிட்டு, "கிராணி, நெருப்புல போட்டு இரும்போட பதத்தையே எடுத்துட்டீங்களே. இனிமே இது வாழப்பழம் வெட்டத்தான்லா ஆகும்" என்றார். அவரே ஒரு சீனக் கொல்லரிடம் கொண்டுபோய் மறுபடி பதம் ஏற்றிக் கொடுத்தார். அப்புறம் துருவை எடுக்க வீட்டிலிருந்த புளி முழுவதையும் கரைத்து ஊற வைத்தேன், மூன்று நாள் குழம்பு கிடையாது. காம்புக்கு வீட்டுக்காரரின் கொய்யா மரத்தில் ஒரு கிளையை வெட்டி, அன்றைக்கே செதுக்க உட்கார்ந்தேன். இடப்பக்கம் கோணலாக இருக்கிறதென்று இடப்பக்கம் சீவினால் வலப்பக்கம் கோணல், அதைச் சீவினால் மறுபடி இடப்பக்கம், இப்படியே சீவிச் சீவி உலக்கை பருமனில் தொடங்கியது கரண்டிக்காம்பு மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு கிளை வெட்டினேன். அது பொருந்தியது. நான்காம் நாள் குணவதியைக் கூப்பிட்டு நிற்க வைத்து, ஓங்கினேன். பச்சைக் கட்டை காய்ந்து சுருங்கிவிட்டதாம், யாரும் எனக்குச் சொல்லவில்லை. காம்பு என் கையில் நின்றது, கோடாலி பறந்துபோய்க் குளிக்கிற தண்ணீர் வைத்திருந்த சீன ஜாடியை உடைத்தது. அவள் இருந்த இடத்துக்கும் ஜாடிக்கும் நடுவே நாலடிதான் இருக்கும், மச்சான். அன்று நின்ற பேச்சுத்தான் நேற்றுத் தொடங்கியது.

கடைசியில் நானா, வண்டிச் சக்கரத்து ஆரக்காலுக்கென்று வைத்திருந்த காய்ந்த கட்டை ஒன்றைக் கொடுத்தார். உளியை மட்டும் கொடுக்கவில்லை. கண்ணாடிச் சில்லால் ஐந்து நாள் வழித்தேன். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம், கோணல் எழுத்துக்கு மன்னிக்கவும். ஆப்பு வைத்து இறுக்கி, யாரையும் கூப்பிடாமல் ஒரு கட்டையில் போட்டேன். இரண்டாகப் பிளந்தது. சிரிக்காதீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வருகிற வியாழக்கிழமை பட்டர்வொர்த் வழியாகத் தங்கள் பக்கம் வரும் நானாவின் கையில் கோடாலியைக் கொடுத்தனுப்புகிறேன். பெற்றுக்கொண்டு, என்னை மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதவும்.

தங்கள் மனைவியார் தங்கச்சி ஜெயலெட்சுமிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்கு ஆசியும். புது நிலம் நன்றாக விளையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையை இன்னும் தன் வீட்டில் வைத்திருக்கும்
ராமதாஸ்

பின்குறிப்பு: கோடாலியைக் கொடுத்தனுப்புகிறேன் என்ற வரியை அடித்துவிட்டுப் படிக்கவும். கடிதத்தை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்க அடுப்படிக்குப் போனேன். குணவதி பின்பக்கம் ஒரு வாரத்து விறகைப் பிளந்து அடுக்கியிருந்தாள். கோடாலியைக் கேட்டேன், கொடுக்கவில்லை. "கைக்கு நல்லா இருக்குங்க. இது இங்கயே இருக்கட்டும், அண்ணன வேற வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள். என் கையால் செய்த ஒன்றை அவள் வேண்டும் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அது அவள் கையில் இருந்ததால் தைரியமும் வரவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை தாங்களே நேரில் வந்து தங்கையிடம் கேட்டுக்கொள்ளவும். அன்று ஆபீஸ் விடுமுறைதான். இருந்தாலும் நான் ஆபீசில் இருப்பேன்.