சுடலைப் பாலத்துக்கு முதல் ஆள்

சண்டிலிப்பாய்,
கார்த்திகை, செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி மகன் கஜீவனுக்கு அப்பா எழுதிக்கொள்வது,

பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம். ரொறன்ரோக் குளிரில் நீயும் மருமகளும் சுகமாயிருக்க வேண்டுகிறோம். என் சுகத்தைப் பற்றி நான் சொல்வதை மட்டும் நம்பு, ஊரவர் சொல்வதை நம்பாதே. தை மாதம் வர பிளேன் ரிக்கெற் எடுக்கப்போவதாகச் சொன்னாய். தயவுசெய்து எடுக்காதே.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குப் போகிற எங்கள் ஒழுங்கை றோட்டைத் திருத்தச் சொல்லிக் கேட்டோமல்லவா, அரசாங்கம் காசு ஒதுக்கிவிட்டது. ஆனால் முதல் கட்டம் சுடலை றோட்டுக்கும் அதன் பாலத்துக்குமாம். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் கிடங்கு பள்ளத்துக்குள் விழுந்தெழும்பிப் போக, திரும்பி வராதவனுக்குக் காப்பெற் றோட்டு! ஆள் நடந்தால் தானாக எரிகிற சோலார் விளக்குகளும் பாலம் நெடுகப் பூட்டியாயிற்று. புதுச் சுடலைப் பாலத்தில் முதலில் பாடைதான் போகவேணும், அதுக்கு முன்னம் உயிரோடை ஒருத்தரும் கால் வைக்கப்படாதெண்டு ஊர்ச் சங்கத் தலைவர் நமசிவாயம் சொல்லிப்போட்டார். ஊரும் தலையாட்டிப்போட்டுது. ஆனால் சனம் பாலத்தைப் பாவிக்கிறதைப் படமெடுத்து அனுப்பினால்தான் எங்கள் ஒழுங்கைக் காசு வருமாம். மார்கழி முடிந்தால் அது கொழும்புக்கே திரும்பிப் போய்விடும் என்கிறான் றோட்டு உத்தியோகத்தன் லக்சன். அன்று தொடக்கம் ஊரில் ஒரு சாவும் இல்லை. மூச்சிழுத்துக்கொண்டு கிடந்த பக்கத்து வீட்டுச் சுதாகரன்ரை தாய்கூட எழும்பியிருந்து ஒடியற்கூழ் கேட்கிறா.

ஆகவே ஊர்க் கண் முழுக்க என்ரை நெஞ்சிலை. அடைச்ச ரத்தக்குழாய்க்கு ஸ்பிறிங் வைச்ச நெஞ்செண்டு எல்லாருக்கும் தெரியுந்தானே. நமசிவாயம் கதலிப்பழச் சீப்போடை வாறார்.

"அண்ணை, நெஞ்சு இப்ப எப்பிடி?"

"நல்லாயிருக்கு."

"அப்பிடியோ..." எண்டு முகம் வாடிப் போறார். லக்சன் நல்ல பொடியன், ஆறுதல் சொல்கிறான்: "அவசரமில்லை ஐயா, மார்கழி மட்டும் நேரமிருக்கு."

இதுவரைக்கும் சிரிக்கலாம். ஆனால் மகன், பொழுதுபடுகிற நேரம் எங்கடை வாசல் படலையிலை நிண்டு பாத்தால், பாலத்திலை சுடலைப் பக்கத்து விளக்கு தானாய் எரியுது. ஆளில்லை, நாயுமில்லை, காத்தும் இல்லை. அடுத்த நாள் அதுக்கு இஞ்சாலை இருக்கிற விளக்கும் எரிஞ்சுது. ஒவ்வொரு நாளும் ஒரு விளக்குக் கிட்ட வந்து, அங்கையே நிண்டு, அணைஞ்சு போகுது. ஆரோ ஆளைத் தேடி வாற மாதிரி. நேற்று எங்கடை கரை விளக்கு எரிஞ்சுது. அம்மா ஓடிப்போய்ப் படலையைக் கொழுவினா. எனக்குச் சரியான பயமாயிருக்கு.

அதுதான் வரவேண்டாம் என்கிறேன். கொள்ளி வைக்க நீ இல்லாமல் என்னை எடுக்கமாட்டினம். நீ ரொறன்ரோவில் இருக்கும் வரைக்கும் எனக்குக் காவல். எண்டாலும் ஊருக்கும் உந்த விளக்குக்கும் பயந்து எத்தினை நாளைக்கு இருக்கிறது? இண்டைக்குப் பொழுதுபட நானே உயிரோடை நடந்து கடந்து காட்டப்போறன், லக்சன் படமெடுக்கட்டும். ஒழுங்கையும் வரும், விளக்கும் அடங்கும்.

மருமகளுக்கு எங்கள் அன்பு. தீர்க்காயுசோடு, குறைவில்லாமல் இருவரும் வாழ ஆசீர்வதிக்கும்,

அப்பா
சி. செல்வரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்ட முதல் ஒரு வரி. நடந்துவிட்டேன், வீண் பயம்! போகும்போது விளக்கெல்லாம் ஒவ்வொன்றாய் எரிந்தன. லக்சன் படமெடுத்தான், ஒழுங்கைக் காசு இனித் திரும்பிப் போகாது. வரும்போதுதான் ஒரு விளக்கும் எரியவில்லை, அதற்குள் பழுதாக்கும். நெஞ்சு இப்போது கொஞ்சமும் நோகவில்லை. முற்றத்தில் பந்தல் போடுகிறார்கள். ஆருக்கெண்டு கேட்டேன், அம்மாகூட என் பக்கம் திரும்புகிறாவில்லை. எல்லாரும் உன்னைத்தான் கேட்கிறார்கள், மகன். உடனே ரிக்கெற் எடு.