சிவகரன் வால்வுக்கு நாடி பாத்தது

“ஓம், செத்துத்தான் போச்சு,” எண்டார் சிவகரன். முகத்தைச் செத்தவீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி வைச்சிருந்தார். “சத்தத்தை வெளியிலை தள்ளுற கண்ணாடிக் குழாய் வால்வு. அது இல்லாட்டி றேடியோ ஊமை.”

பெண்சாதி றஞ்சனி வெங்காயம் உரிச்சபடி எட்டிப் பாத்தா. அவவின்ரை ஐயா காலி நகரத்திலை கடை வைச்சிருந்த காலத்து றேடியோ, முதுகு திறந்தபடி மேசையிலை கிடந்தது. சிவகரன் ஒரு மாசமா அதோடைதான் குடித்தனம். மற்றத் திருத்த வேலை எல்லாம் முடிஞ்சுது.

“செத்ததெண்டு எப்பிடித் தெரியும்? நேற்று ஐஞ்சு வால்வும் நல்லா இருக்கெண்டியள்.”

“அது நேற்று. இஞ்சை பாரும், கண்ணாடியின்ரை உச்சியிலை வெள்ளிப் பூச்சு மினுங்கவேணும். இது பால் மாதிரி வெளிறிப்போச்சு. உள்ளை காத்துப் பூந்திட்டுது. இனி ஒருத்தராலையும் காப்பாத்த ஏலாது.”

அவர் சொன்னது உண்மை. அந்த வால்வு செத்துத்தான் போனது. ஆனா அது இந்த றேடியோவின்ரை வால்வு இல்லை. பக்கத்து வீட்டு டெனிஸ்ரன்ரை உடைசல் பெட்டியிலை கிடந்தது. இந்த றேடியோவின்ரை வால்வு பூரண சுகத்தோடை, சிவகரன்ரை சொக்ஸுக்குள்ளை, அலுமாரியிலை படுத்திருந்தது.

காரணம் கொழும்பு வெள்ளவத்தை. அங்கை கூட்டாளி வசீகரன்ரை பெண்சாதி மகளிட்டைக் கனடா போயிட்டா. வீட்டிலை அவன் தனிய. ஆட்டிறைச்சி, சீட்டுக்கட்டு, எத்தினை மணியெண்டு கேக்க ஆளில்லாத மூண்டு நாள். சுருவில் ஊரை விட்டு வெளிக்கிட சிவகரனுக்கும் டெனிஸ்ரனுக்கும் ஒரு நியாயமான சாவு தேவைப்பட்டது. சொந்தக்காரரைச் சாக்காட்டினா றஞ்சனி போன் எடுத்து விசாரிப்பா. வால்வுக்குப் போன் எடுக்க ஏலாது.

“அதுக்கு நீங்கள் போகவேணுமே? கொழும்பிலை ஆரிட்டையும் சொல்லி எடுப்பிக்கலாமே?”

“நல்ல கதை. மாப்பிள்ளையைப் பாக்காமல் கட்டினமாதிரித்தான் முடியும். வால்வைக் கையிலை எடுத்துப் பாக்கவேணும். முதல் உச்சி. பிறகு உள்ளுக்குச் சூடேறுற இழையின்ரை இரண்டு காலிலையும் மீற்றர் கம்பியை வைக்க முள்ளு ஆடவேணும். ஆடாட்டி இழை அறுந்துபோச்சு. பிறகு பென்சிலாலை மெல்லத் தட்ட, ஒண்டும் கலகலக்கக் கூடாது. தெரியாத ஆள் போனா செத்ததைத் தலையிலை கட்டிவிடுவாங்கள்.”

“அதுக்கு டெனிஸ்ரன் ஏன்? வால்வு கத்தரிக்காய்ப் பாரமும் இல்லை.”

இந்தக் கேள்விக்கு அவர் மறுமொழியைத் தயாரா வைச்சிருந்தார். “ஒராள் கம்பி பிடிக்கவேணும், ஒராள் முள்ளுப் பாக்கவேணும். தனிய ஏலாது.”

றஞ்சனி கத்தியை வைச்சிட்டுக் கையைத் துடைச்சா. “எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன்.”

பெண்சாதி தன்னட்டைப் பாடம் கேக்கிறா. கலியாணம் கட்டின நாள் தொட்டு நடக்காத காரியம். சிவகரன் பூரிச்சுப்போனார். மிச்ச நாலு வால்வையும் வரிசையா வைச்சார். றஞ்சனி கம்பி பிடிச்சா. டெனிஸ்ரன்ரை பெண்சாதி அஜந்தாவும் வேலிப் பொட்டுக்குள்ளாலை வந்து முள்ளுப் பாத்தா.

“இவ்வளவுதானோ?” எண்டா அஜந்தா.

“இவ்வளவுதான். ஆனா கை பழகவேணும், பிள்ளை.”

“பழகீட்டுது,” எண்டா றஞ்சனி.

வெள்ளிக்கிழமை பின்னேரம் சிவகரன் குளிச்சு, மினுக்கின சேட்டுப் போட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை வந்தார். படலையடியிலை றஞ்சனி புதுச் சீலையோடை நிண்டா. பக்கத்திலை அஜந்தா. மீற்றர் அஜந்தாவின்ரை கையிலை.

“எங்கை வெளிக்கிட்டியள்?”

“வால்வு வாங்க. பஸ்ஸிலை சீற்றை எங்கடை பேருக்கு மாத்தியாச்சு. நான் கம்பி பிடிப்பன், இவ முள்ளுப் பாப்பா.”

“உமக்கேன் வீண் அலைச்சல்?”

“பறவாயில்லை. தங்கச்சி வீட்டிலை நிண்டிட்டுத் திங்கள் வருவம். வசீகரன் அண்ணை உங்களுக்கு எடுத்த போனை நான்தான் தூக்கினன், நீங்கள் வரேல்லையெண்டு சொன்னனான். பாவம் மனுசன், வால்வுக்கு வாங்கின இரண்டு கிலோ ஆட்டை என்ன செய்யிறதெண்டு கேட்டவர்.”

சிவகரன் படலைக்குக் குறுக்கை வந்து நிண்டார். மானம் போனாலும் பறவாயில்லை, பயணத்தையாவது நிப்பாட்டுவம் எண்டு நினைச்சார். “இஞ்சேரும், வால்வு வாங்கத் தேவையில்லை. நல்லது ஒண்டு இருக்கு.”

“ஓம், சொக்ஸுக்குள்ளை. தோய்க்க எடுக்கேக்கை கண்டனான். இரண்டு பேருமாச் சோதிச்சுப்போட்டு றேடியோவிலை கொழுவி விட்டிருக்கிறம். நல்ல சுகமா இருக்கு. இருந்து கேளுங்கோ.”

“பிறகேன் போறியள்?”

“சீற் போட்டாச்செல்லோ.”

இரண்டு பேரும் ஏறின ஓட்டோ ஒழுங்கையாலை திரும்பி மறைஞ்சுது. வீட்டுக்குள்ளை றேடியோ ஆறுதலாச் சூடாகி, தொண்டையைச் செருமி, பாடத் தொடங்கிச்சுது. ஒரு கரகரப்பும் இல்லை. அதைக் கேக்கத்தான் சிவகரனுக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

“அண்ணை,” எண்டு வேலிக்கு அங்காலை குசினியிலையிருந்து டெனிஸ்ரன் கூப்பிட்டான். “அரிசிக்கு எவ்வளவு தண்ணி விடுறது?”

சிவகரன் பையை இறக்கி வைச்சிட்டுப் போனார்.