அடுப்புக்குள்ள பறந்த பஞ்சு

சிங்காநல்லூர்
12.6.96

அன்புள்ள தம்பி மாசாணத்துக்கு அக்கா செவ்வந்தி எழுதிக்கொள்வது. இங்கு நானும் பாப்பா கயல்விழியும் சுகம். உன்ற மச்சானும் வெயில் படாத எடத்துல சௌரியமா இருக்காரு. அங்க வால்பாறையில உன்னையும், உன்னையக் கடிக்கிற அட்டையையும் ஆத்தா ஒண்ணாக் காப்பாத்தட்டும்.

நீ கட்டிக் குடுத்த ரொட்டி அடுப்பு விசயமாத்தான் எழுதறேன். முட்டுக் குடுத்த சென்ட்ரிங் பிரிக்கிற அன்னைக்குக் கட்டுன கொத்தனாரே அடியில நிக்கோணும், அதுதான் தொழில் தருமம்னு மீசையைத் தடவிட்டே சொன்னவன் நீ. பிரிக்கிற நாள் வந்ததும் எஸ்டேட்டுல லைன் வீடு ஒழுகுதுன்னு பஸ் ஏறிட்டே. டிவி வாங்குன ஊடு ஊடாப் போயிப் பொறுக்குன தெர்மாகோலை ஒட்டி, கவுத்து வெச்ச சட்டியாட்டம் செதுக்கி, அது மேலதான செங்கல் அடுக்குனே. அதை எடுத்தாக் கும்மட்டம் நிக்குமா, பொத்துன்னு உக்காருமான்னு உன்ற மச்சான் மூணு நாளாச் சோறு திங்கல. மில்லு மூடுனதுக்கப்புறம் அவருக்குன்னு இருக்கறது இந்த அடுப்பு ஒண்ணுதான். இதுவும் உழுந்தாப் பெருந்துறைக் கம்பெனிக்கு வாட்ச்மேனாப் போறேன்னு விசில் கூட வாங்கி வெச்சுட்டாரு.

இன்னைக்குக் காலையில அடுப்பு வாய்க்குள்ள கையை உட்டு ஒடச்சு ஒடச்சு எடுத்தாரு. பின்னால இருந்த துண்டு எட்டல. “கொத்தனார் இல்லீன்னா கொத்தனாரோட மச்சான் நிக்கறேன்”னு ஒரு கையை முன்னால நீட்டி, உடும்பாட்டம் உள்ள பூந்துட்டாரு. கடைசித் துண்டை உருவுன சத்தம் கேட்டுது. அப்புறம் ஒண்ணுமே கேக்கல. “ஏனுங்க”ன்னேன்.

“அம்மணி, தலையை உட்டுப் பாரு”ன்னாரு.

பாத்தேன் தம்பி. கும்மட்டம் அப்படியே நிக்குது. தெர்மாகோல் முத்து முத்தா உதுந்து, கீழயும் உழுவாம மேலயும் போவாம மெதக்குது. நீ உட்ட புகை ஓட்டையில வெயில் ஒரு கயிறாட்டம் எறங்குது. மில்லுல பஞ்சு பறக்குமே, அதேதான். அவரு தலை, புருவமெல்லாம் வெள்ளை. “மிசின் சத்தந்தான் இல்ல அம்மணி”ன்னாரு. அப்புறம் என்னையப் பாத்து, “உனக்கும் நரைச்சுப்போச்சு, நல்லாத்தான் இருக்குது”ன்னாரு. எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேன்னு தெரியல. சமையக்கட்டுல பால் பொங்கி வழிஞ்சுது. அதுவும் நல்ல சகுனம்னு உட்டுட்டேன்.

மூணு நாள் பசி அவருக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. அரிசிம்பருப்புச் சோத்துல நெய் ஊத்தி உள்ளயே நீட்டுனேன். மூணு வட்டல். விசிலை எடுத்துக் கயல்விழிகிட்டக் குடுத்துரு, ஊதி வெளையாடட்டும்னாரு.

ஆகவே தம்பி, உன்ற வேலை சுத்தம். வெள்ளிக்கிழமை தீ வெக்கறோம். வேலையை உட்டுப்போட்டு நீ வரோணும்னு இல்ல. தலையை நல்லாத் தொவட்டு, நேரத்துல சாப்புடு, நோய் நொடியில்லாம நூறு கும்மட்டம் கட்டு.

இப்படிக்கு,
மூணாவது வரைக்கும் படிச்ச உன்ற அக்கா
செவ்வந்தி

பின்குறிப்பு: மேல நீ வரோணும்னு இல்லைன்னு எழுதுனதை அழிச்சுப்போடு. இந்தக் கடுதாசியைக் கொண்டாற கண்டக்டர் வேலுமணியோட பஸ்ஸுலயே உளியும் சுத்தியும் எடுத்துட்டு வந்துரு. உன்ற மச்சான் வெறும் வயித்தோட உள்ள போனவரு. மூணு வட்டலுக்கப்புறம் வாய் பத்தல. அடுப்பு வாயைச் சொல்றேன். கும்மட்டத்துக்கு ஒண்ணும் ஆகாம வாயை மட்டும் ஒடைக்கோணும். அவசரமில்லைன்னு அவரு உள்ள இருந்து எழுதச் சொல்றாரு. நீ அடியில நிக்கோணும்னு இல்ல. அங்க எடமும் இல்ல.