வெர்ன் எந்த மாநிலத்தில் தூங்குகிறார்?

சிவப்பு ஜெர்சிக்குள் தலையை நுழைத்த வெர்ன் கச்மாரெக், பாதியிலேயே நின்றுவிட்டார். ஐம்பத்தெட்டு வருடமாக நவம்பர் மாதத்தில் மிச்சிகன் டீமின் நீலத்தையும் மஞ்சளையும் தவிர வேறு எதையும் போட்டறியாத உடம்பு அது.

"என்ன மச்சான், உள்ளேயே குடித்தனம் பண்ணப் போறீங்களா? தலைய வெளிய விடுங்க" என்றாள் மனைவியின் அக்கா மார்சி, வாக்கரில் சாய்ந்துகொண்டு.

"இது ஒஹாயோ டீம் ஜெர்சி, மார்சி."

"ஒஹாயோக்காரர் ஒஹாயோ ஜெர்சிதான் போடுவாரு. நீங்க ஒஹாயோக்காரர்தானே? மூணு வருஷமா அப்படித்தானே கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

வெர்ன் தலையை வெளியே விட்டார்.

அவருடைய வீடு மிச்சிகன் மாநிலத்தில், டெம்பரன்ஸ் என்ற சின்ன ஊரில். மார்சியின் வீடு ஒஹாயோ மாநிலத்தில், டொலிடோ நகரத்தில். நடுவில் பத்து நிமிட தூரமும் ஒரு சாலையும். சாலையின் இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் இன்னொன்று. இரண்டு பக்கமும் ஒரே புல், ஒரே பனி, ஒரே குழி. ஆனால் அதே டிரக்குக்கு இந்தப் பக்கம் கேட்கிற இன்ஷூரன்ஸில் பாதியைத்தான் அந்தப் பக்கம் கேட்கிறார்கள்.

ஏனென்றால் மிச்சிகனில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வண்டியில் அடிபட்டால் ஆயுள் முழுக்க வைத்தியம் பார்க்கிற பாலிசி. பாலிசிக்காரருக்கும் சரி, அவர் வீட்டோடு இருக்கிற சொந்தக்காரருக்கும் சரி. வெர்னுக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. "நான் என்ன ஆயுசு பூரா அடிபட்டுக்கிட்டேவா இருக்கப் போறேன்?" என்று சொல்லிவிட்டு, மார்சியின் விலாசத்தைத் தன் விலாசமாக எழுதிக் கொடுத்து, டிரக்குக்கு ஒஹாயோ நம்பர் வாங்கி மாட்டிக்கொண்டார்.

மனைவி லூசில் மட்டும் மசியவில்லை. "நான் எந்த ஊர்ல தூங்கறேனோ அந்த ஊர்லதான் என் வண்டியும் தூங்கும்" என்று தன் காரை மிச்சிகனிலேயே வைத்துக்கொண்டாள். போன ஏப்ரலில் அந்தக் காரில்தான் அக்காவும் தங்கையும் கடைக்குப் போனார்கள். ஜல்லி லாரி ஒன்று பக்கவாட்டில் வந்து மோதியது. லூசிலுக்கு ஒரு கீறல். மார்சிக்கு முட்டி மூன்று துண்டு. இரண்டு ஆபரேஷன் முடிந்து, மூன்றாவதுக்கு நாள் குறித்திருக்கிறது. அதற்கெல்லாம் யார் கட்டுகிறார்கள் என்று வெர்ன் இதுவரை கேட்டதில்லை. கேட்டால் எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்களோ என்ற பயம்தான்.

இன்று காலை மார்சி போன் செய்தாள். "மச்சான், இன்ஷூரன்ஸ் ஆளு மூணு மணிக்கு வரானாம். இந்த வீட்ல யார் குடியிருக்காங்கன்னு நேர்ல பாக்கணுமாம்."

வெர்ன் ஜன்னல் வழியாக டிரக்கைப் பார்த்தார். ஹோட்டல்களில் குளிர்பதன அறைகளைச் சரிசெய்வது அவர் தொழில். ஏணி, கேஸ் சிலிண்டர், கருவிகள் எல்லாம் டிரக்கில்தான். பொய் விலாசம் என்று தெரிந்தால் பாலிசியை ரத்து செய்துவிடுவார்கள். அப்புறம் வேறு எந்தக் கம்பெனியும் வாசலில் சேர்க்காது. இன்ஷூரன்ஸ் இல்லாத டிரக்கை இந்த இரண்டு மாநிலத்திலும் ரோட்டில் ஏற்ற முடியாது. டிரக் இல்லாவிட்டால் வெர்ன் வெறும் வெர்ன்தான்.

அவரை அதிசயிக்க வைத்தது மார்சிதான். இருபத்தைந்து வருடமாக அவர் எதைச் சொன்னாலும் 'முடியாது' என்று ஆரம்பிப்பவள், இன்று தானே முன்னின்று வீட்டைக் காலி செய்தாள்.

"என் சாமான் ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாது மச்சான். மாத்திரை, ஊன்றுகோல், குளிக்கற நாற்காலி, சுவத்துல இருக்கற போட்டோ, எல்லாத்தையும் எடுங்க. ஒத்த ஆம்பளை இருக்கற வீடு மாதிரி இருக்கணும்."

"உனக்கு எவ்வளவு சிரமம், மார்சி" என்றார் வெர்ன். இவளைப் போய் இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

"சொந்தத்துக்குச் செய்யாம யாருக்குச் செய்யப்போறேன்? அந்தக் கொடியையும் வாசல்ல கட்டுங்க."

ஒஹாயோ டீமின் சிவப்புக் கொடி. சனிக்கிழமை மிச்சிகனுக்கும் ஒஹாயோவுக்கும் ஃபுட்பால் மேட்ச். டெம்பரன்ஸில் மிச்சிகன் ரசிகர் மன்றத்துக்கு வெர்ன்தான் தலைவர். கட்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

லூசில் வந்து அக்காவைக் காரில் ஏற்றினாள். இரண்டு பெரிய பெட்டிகளும் ஏறின.

"ரெண்டு மணி நேரத்துக்கு ரெண்டு பெட்டியா?" என்றார் வெர்ன்.

"பொம்பளைங்க பெட்டிக்குள்ள எட்டிப் பாக்காதீங்க" என்ற லூசில் அக்காவிடம், "பாத்ரூம்ல கைப்பிடிக் கம்பி போட்டாச்சு, பயப்படாம குளி" என்றாள்.

போன மாதம் இரண்டு ஆட்கள் வந்து டெம்பரன்ஸ் வீட்டு பாத்ரூமில் கம்பி பொருத்திவிட்டுப் போனது வெர்னுக்கு நினைவிருந்தது. நமக்கும் வயதாகிறதே என்று அன்றைக்கு லூசில் சொல்லியிருந்தாள்.

சரியாக மூன்று மணிக்கு மணி அடித்தது. வந்தவர் ஒல்லியாக, சாதுவாக, சளி பிடித்தவராக இருந்தார். பெயர் ப்ரூயட்.

"இன்ஷூரன்ஸ்லேர்ந்து வரேன். இந்த வீட்ல யார் இருக்காங்கன்னு பாத்து எழுதிக்கணும்."

"நான்தான். நான் மட்டும்தான். உக்காருங்க, காபி தரேன்."

சமையலறையில் கப் எங்கே இருக்கிறது என்று வெர்னுக்குத் தெரியாது. முதல் கதவைத் திறந்தார், துடைப்பம் விழுந்தது. இரண்டாவதைத் திறந்தார்; பூனைச் சாப்பாடு. விளக்கு என்று நினைத்துத் தட்டிய சுவிட்ச், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குள் மிச்சச் சாப்பாட்டை அரைக்கிற இயந்திரத்தைக் கடகடவென்று ஓட்டிவிட்டது. கடைசியில் தண்ணீர் அளக்கிற கண்ணாடிக் குடுவையில் காபி வந்தது.

"பூனை வளக்கறீங்களா?" என்றார் ப்ரூயட்.

"இல்ல."

"பூனைச் சாப்பாடு?"

"வளக்கலாமான்னு யோசிக்கறேன்."

ப்ரூயட் எழுதிக்கொண்டார். பிறகு வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். படுக்கையறையில் வெர்னின் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. பாத்ரூம் வாசலில்தான் ப்ரூயட் வெகுநேரம் நின்றார். கால் மடக்க முடியாதவர்களுக்காகக் கழிப்பறை மேல் மாட்டுகிற உயரமான இருக்கையை எடுக்க மறந்துபோயிருந்தார்கள்.

"இது யாருக்கு சார்?"

"எனக்குத்தான். முட்டி மடக்க முடியல."

"அப்படியா? வாசல்ல நல்லாதானே நடந்து வந்தீங்க?"

"விட்டு விட்டு வரும்" என்ற வெர்ன் அந்த நிமிடத்திலிருந்து நொண்ட ஆரம்பித்தார். கூடத்துக்குத் திரும்பி வரும்போது நொண்டுகிற கால் மாறிவிட்டது. ப்ரூயட் அதையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

அப்போதுதான் பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு நஜ்லா வந்தாள். கையில் ஆவி பறக்கும் பருப்பு சூப்.

"மார்சி, முட்டி எப்படி இருக்கு? சூடா குடி..." என்றவள் நின்றாள். "நீங்க யாரு?"

"நான் இங்க குடியிருக்கறவன்" என்றார் வெர்ன்.

"பதினோரு வருஷமா பக்கத்து வீட்ல இருக்கேன். உங்கள ஒருநாள்கூடக் கண்ணால பாத்ததில்லையே!"

"ராத்திரி வேலை. பகல்ல தூங்கிடுவேன்."

"மார்சி எங்க?"

"மார்சி இங்க இல்ல. மிச்சிகன்ல, டெம்பரன்ஸ்ல, என் மனைவியோட இருக்கா."

ப்ரூயட்டின் பேனா நின்றது. "யாரு, மார்சின்னா?"

"என் மனைவியோட அக்கா. வீடு அவ பேர்ல இருக்கு. ஆனா குடியிருக்கறது நான்."

"எப்பலேர்ந்து அங்க இருக்காங்க?"

எவ்வளவு முன்னால் போகிறோமோ அவ்வளவு நல்லது என்று வெர்னுக்குத் தோன்றியது. "மூணு வருஷமா. நான் இங்க வந்த அன்னைக்கே அவ அங்க போயிட்டா."

"அந்தப் பொண்ணு கால ஒடிச்சுக்கிட்டதே இந்த ஏப்ரல்லதான்" என்றாள் நஜ்லா.

"அதுக்கு முன்னாடியே சார், ரொம்ப முன்னாடியே" என்றார் வெர்ன், ப்ரூயட்டைப் பார்த்து.

"நேத்து காலைலகூட ஜன்னல்லேர்ந்து எனக்குக் கை காட்டினாளே!"

"அது நான்."

"பூப்போட்ட நைட்டியிலயா?"

வெர்ன் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டார். டிரக்கை நினைத்துக்கொண்டார். "ஆமா. நைட்டி எனக்குச் சௌகரியமா இருக்கும்."

நஜ்லா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். முகத்தில் இருந்த கோபம் மெல்லக் கரைந்து பரிதாபமாக மாறியது.

"அப்போ உங்க சம்சாரம் அங்க, நீங்க இங்க..."

"பிரிஞ்சிட்டோம்."

"ஐயோ பாவம்" என்ற நஜ்லா சூப்பை அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே குடிங்க. இந்தத் தெருவுல யாரும் உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கறேன்." சொன்னபடியே செய்கிற அவசரத்தில் வெளியே போனாள்.

ப்ரூயட் ஒரு படிவத்தை எடுத்தார். வெர்ன் சொன்னதையெல்லாம் அழகாக எழுதி வாசித்துக் காட்டினார். வெர்ன் ஒஹாயோவில் தனியாக வசிக்கிறார். மனைவியின் அக்கா மூன்று வருடமாக மிச்சிகன் வீட்டில் மனைவியோடு வசிக்கிறார். பொய் என்று தெரிந்தால் சட்டப்படி நடவடிக்கை. வெர்ன் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டார்.

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன் சார். வாசல்ல, அந்தக் கொடிகிட்ட நில்லுங்க."

வெர்ன் நின்றார். சிவப்புக் கொடி காற்றில் அவர் முகத்தில் வந்து அடித்தது.

"சனிக்கிழமை யார் ஜெயிப்பாங்க?" என்றார் ப்ரூயட், போனைக் கண்ணருகே தூக்கி. "சும்மா, சிரிச்ச முகமா இருக்கட்டும்னு கேட்டேன்."

வெர்னின் அப்பா சாகும்போதுகூட நீல மஞ்சள் போர்வைதான் போர்த்தியிருந்தார். வெர்ன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"ஒஹாயோதான்" என்றார்.

படம் எடுத்தாயிற்று. ப்ரூயட் படிவத்தை மடித்துப் பையில் வைத்து, மூக்கைச் சிந்திக்கொண்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

"எல்லாம் சரியா இருக்கு சார். உண்மையச் சொல்லணும்னா, வரும்போது எனக்கு நிறைய சந்தேகம் இருந்துச்சு. அந்த நைட்டி விஷயத்தைச் சொன்னீங்க பாருங்க, அதுலதான் நம்பினேன். பொய் சொல்றவன் எவனும் அப்படி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டான்."

வெர்னுக்கு உயிர் திரும்பி வந்தது. நொண்டுவதைக்கூட மறந்து படியிறங்கி, காரின் கதவை அவருக்காகத் திறந்து பிடித்தார்.

"அப்போ என் டிரக் பாலிசிக்கு ஒரு பிரச்சினையும் இல்லையே சார்?"

"எந்த டிரக்? அது எனக்குத் தெரியாது சார், நான் மிச்சிகன் கம்பெனி ஆளு" என்றார் ப்ரூயட், பெல்ட்டை மாட்டிக்கொண்டே. "கால் ஒடிஞ்ச அந்தம்மா உங்க மனைவி வீட்டோட இருக்கற சொந்தம்தானா, இல்ல இந்த வீட்லயே இருந்துக்கிட்டுப் பொய் சொல்றாங்களான்னு பாக்கத்தான் வந்தேன், நீங்களே கையெழுத்துப் போட்டுட்டீங்க, இனி ஆயுசு முழுக்க அவங்க வைத்தியம் எங்க பொறுப்பு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை டெம்பரன்ஸுக்கு வந்து அவங்களையும் பாப்பேன், அப்படியே இங்க வந்து உங்களையும் பாத்துட்டுப் போவேன்."