பெயர் சொல்லியே பிழைப்பவர்

கூரையில் தொங்கும் துணிக்கொடியைக் கயிறு பிடித்து இறக்கி, ஈரத் துணிகளை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருப்பவர் மனைவி. பக்கத்தில் நின்று, அந்தக் கயிறு ஓடும் சக்கரத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பவர் கணவர். வாசகரே, இந்த இரண்டாமவர்தான் பெயர்சொல்லி இனம்.

“அது சக்கரம் இல்ல, புல்லி.”

“புல்லியோ பல்லியோ, கயிறு சிக்கிக்கிச்சு. எடுத்து விடுங்க.”

எடுத்து விடுவாரா? பெயர் சொன்ன கையோடு வேலை முடிந்துவிட்டது என்பதுதானே இந்த இனத்தின் நம்பிக்கை!

இவருக்கு வேலை விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில்; அங்கே இவருக்கு மரியாதை உண்டு, இல்லையென்று சொல்லக்கூடாது. விமானியின் இருக்கைக்கு அடியிலுள்ள இருட்டுப் பொந்தில் ஒரு கையை மட்டும் நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தடவித் தடவியே, இது தள்ளவும் இழுக்கவுமான புஷ் ராட், இது அந்த இழுப்பை வேறு திசைக்குத் திருப்பிவிடும் பெல் கிராங்க், இது கேபிளை இழுத்து இறுக்கும் டர்ன்பக்கிள் என்று, சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல் அடுக்கிக்கொண்டே போவார். பத்துக்கு ஒன்பது சரி. பத்தாவதுதான் ஆபத்து. ‘தெரியல’ என்ற சொல் மட்டும் அந்த வாயில் வராது. ஒருமுறை மேசைமேல் கிடந்த வளைந்த உலோகத் துண்டைப் புரட்டிப் பார்த்து, ‘வால் சுக்கான் பெல் கிராங்க், பழைய மாடல்’ என்று சீட்டெழுதிக் கட்டியே விட்டார். சாமான் அறைக்காரம்மா எடுத்துப் பார்த்தார்.

“அண்ணே, இது விமானத்துல சாப்பாடு தள்ளிட்டு வர்ற வண்டியோட பிரேக்கு.”

“வேலை செய்யுற விதம் ஒண்ணுதாம்மா.”

வீட்டுக்கு வருவோம். கயிறு சிக்கியபடியே இருக்க, மகள் கைபேசியோடு வந்து நின்றாள். வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. ஐந்து மணிக்குள் பதில் அனுப்ப வேண்டும். அப்பா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மூன்று நாளாகக் காத்திருக்கிறாள்.

“அப்பா, போகட்டுமா, வேணாமா?”

“இதுக்குப் பேருதாம்மா தடுமாற்றம்.”

“யாருக்குப்பா தடுமாற்றம்?”

“பொதுவாச் சொன்னேன்.”

“அவ உங்ககிட்ட பேரா கேட்டா?” என்றார் மனைவி, வாயில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு. “போன்னு சொல்லுங்க, இல்ல போகாதேன்னு சொல்லுங்க.”

இரண்டே சொல். சொல்ல வேண்டியது முதலாவது, தொண்டையில் நிற்பது இரண்டாவது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டில் எதையும் நகர்த்தத்தான் தெரியவில்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் வீட்டில் ஒருவர் கேள்வி கேட்டு நிற்க, அந்தக் கேள்விக்கு அழகாக ஒரு பெயரைக் கொடுத்துவிட்டு, பதிலே சொல்லிவிட்டதாக நிம்மதியாய் நீங்கள் செய்தித்தாளைப் பிரித்ததே இல்லையா? நான் பிரித்திருக்கிறேன். எட்டாம் பக்கம்வரை படித்தும் இருக்கிறேன்.

“மணி நாலே முக்கால்ப்பா.”

அவர் கைபேசியை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

“இந்த மாதிரிக் கடிதத்துக்கு ஆஃபர் லெட்டர்னு பேரு.”

மகள் கைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அறையை விட்டுப் போனாள்.